நோட்டைத் திறக்க வைப்பது எப்படி: கவனம் சிதறும் பிள்ளைகளை வகுப்பு வேலைக்குத் தயார் செய்ய முழுமையான வழிகாட்டி

"எல்லாரும் நோட்டை எடுத்து முதல் அஞ்சு கணக்கைப் போடுங்க" என்று சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முன் பெஞ்சில் மூன்றாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நடு பெஞ்சு ஓரத்தில் ஒரு பிள்ளை பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருப்பான். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்கள் நேராக அவனிடம் போய், "ஏன்டா இன்னும் எழுதல?" என்று கேட்பார்கள். அவனிடம் அதற்குப் பதில் இருக்காது. பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பையைத் திறக்க வேண்டும். ஒரே மாதிரி அட்டை போட்ட நோட்டுகளில் கணக்கு நோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் பக்கம், நோட்டில் புதுப் பக்கம், மார்ஜின், தேதி, தலைப்பு, எழுதுகிற பேனா. இவ்வளவும் முடிகிற வரை 'முதல் அஞ்சு' என்பது மனதில் நிற்க வேண்டும். கணக்கு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. மற்ற பிள்ளைகளுக்கு இது கை போகிற போக்கில் நடந்துவிடும். கவனம் சிதறும் பிள்ளைக்கு மூன்றாவது வேலையிலேயே இழை அறுந்துவிடும். அவனுக்குத் தொடங்குவதே தனிப் பாடம். அந்தப் பாடத்தையும் நாம்தான் நடத்த வேண்டும்.

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் ஏன் பலிக்காது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு போதும். மூன்று பத்தி போடுங்கள்: வேலையைச் சொன்ன நேரம், பிள்ளையின் நோட்டில் முதல் எழுத்து விழுந்த நேரம், இடையில் எங்கே நின்றது. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு பாடவேளை. ஒன்று காலையில், ஒன்று சாப்பாட்டுக்குப் பிறகு.

எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எந்த வைத்தியமும் பலிக்காது. நான் பார்த்தவரை மூன்று வகை உண்டு. முதல் வகை, பொருளிலேயே நின்றுவிடுவது: பேனா இல்லை, நோட்டு வீட்டில், பென்சில் முனை உடைந்துவிட்டது. இரண்டாவது வகைக்கு எல்லாம் மேசையில் இருக்கும். சொன்னதுதான் கைநழுவிப் போயிருக்கும். அந்தப் பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும். காப்பி அடிப்பதாக நினைப்போம். அது பக்க எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வகை தேதி எழுதி, தலைப்பு எழுதி, அதற்கு அடிக்கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, அங்கேயே நிற்கும். அதற்குக் கணக்கே தெரியாது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு வகுப்பு கீழே உள்ள ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்த உடனே போட்டுவிட்டால் தொடங்குவதில் சிக்கல் இல்லை, அதற்குப் பிறகு நடந்த பாடம்தான் ஓட்டையாக இருக்கிறது என்று பொருள்; அது மூன்றாவது வகை. அந்தப் பிள்ளைக்கு இந்த வழிகாட்டி பாதிதான் உதவும். மீதிப் பாதி, விட்டுப்போன பாடத்தை நடத்துவது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஓடுகிற பையனை மட்டும் கவனிப்பது. ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையின் பெயர் அந்த நோட்டில் ஏறுவதே இல்லை. ஏடிஹெச்டி என்பது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் காட்டும் ஒரு கோளாறு. அதில் துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை, பெண்பிள்ளைகளிடம் அடிக்கடி கண்டுகொள்ளப்படாமல் போகிறது. யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை. ஒரு வாரம் அமைதியான பிள்ளைகளின் நேரத்தையும் குறித்துப் பாருங்கள்.

2. கண், காது, வயிறு, தூக்கம்: இவை முதலில்

வேலைக்குத் தயார் செய்யும் எந்த உத்தியையும் தொடுவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனை ஒரு பருவம் முழுக்கச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அவனுக்குப் போர்டே தெரியவில்லை என்பது கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது. அவன் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

கண்ணுக்கு: கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் போர்டில் உள்ளதை ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காதுக்கு: முகம் பார்க்காமல் பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். சளி பிடித்த மாதங்களில் கேட்பது குறையும் பிள்ளைகள் உண்டு.

வயிறு: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது, 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக. அதற்குப் பிந்தைய ஓர் ஆண்டில் ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், முதல் இரண்டு பாடவேளையும் பேனாவைத் தொடமாட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் சாப்பிட்டுப் பழகியவள். வீட்டில் அந்த நேரத்துக்கு உலை வைக்கும் வழக்கமே போய்விட்டிருந்தது. அம்மாவிடம் பேசியதும் பழைய சோறாவது கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். வேறு எந்த உத்தியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் உள்ள வீடுகளில் சீசன் நேரத்தில் விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவார்கள்; மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். கூடமாட உதவப் போகும் பிள்ளை நாலு மணிக்கு எழுந்திருக்கும். முதல் பாடவேளையில் அதன் கண்ணில் படுவது எதுவும் மனதுக்குப் போகாது. அந்தப் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைத் தவறவிடக் கூடாது. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் பிள்ளை சட்டென்று சில வினாடிகள் உறைந்து, இமை துடித்து, பேர் சொன்னாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றுமே நடக்காதது போல் வேலையைத் தொடர்ந்தால் அது பகல் கனவாக இல்லாமல் இருக்கலாம். வலிப்பு நோயில் அப்படி ஒரு வகை இருக்கிறது. ஒரு நாளில் பல முறைகூட வரும். பார்த்த நேரத்தைக் குறித்து, பெற்றோரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

3. பையையும் நோட்டையும் முந்தின நாளே சீர் செய்யுங்கள்

தொடங்கும் நேரத்தில் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. 'எந்த நோட்டு, எந்தப் பக்கம், எந்தப் பேனா' என்ற மூன்றையும் முன்கூட்டியே முடித்துவிடலாம்.

பள்ளியில் கொடுக்கும் நோட்டுகள் எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதுகுப் பக்கம் வண்ண டேப் ஒட்டுங்கள்: கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை. பைக்குள் முதுகு மேலே பார்க்கும்படி வைத்தால் வெளியே எடுக்காமலே தெரியும். எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையையும் சிறிதாக வெட்டிவிடுங்கள். கட்டை விரலை வைத்துத் தள்ளினால் புதுப் பக்கம் தானாகத் திறக்கும். இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

மார்ஜின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "டீச்சர், மார்ஜின் போடணுமா? ஒரு பக்கமா ரெண்டு பக்கமா? தலைப்பை கலர்ப் பேனாவுல எழுதவா?" என்ற கேள்விகளில் பாடவேளையின் கால்வாசி கரைந்துவிடும். கவனம் சிதறும் பிள்ளை ஸ்கேலைத் தேடப் போய் அப்படியே வேறு எதிலாவது இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அடுத்த வாரத்துக்கான பத்துப் பக்கங்களுக்கு வகுப்பே சேர்ந்து மார்ஜின் போட்டு வைத்துவிடுங்கள். தலைப்பும் நீலப் பேனாவிலேயே இருக்கட்டும்.

பேனாவுக்கு மேசையில் ஒரு டப்பா. பத்துப் பேனா, பத்து சீவிய பென்சில். கேட்காமலே எடுக்கலாம், மணி அடித்ததும் திரும்ப வைக்க வேண்டும். "பேனா இல்லாம ஸ்கூலுக்கு எதுக்கு வர்ற?" என்று கேட்டு அந்தப் பிள்ளையை நிறுத்திவைத்தால் பொறுப்பு வந்துவிடாது, அன்றைய கணக்கு மட்டும் போகும். பொறுப்பைச் சொல்லிக் கொடுக்க வேறு நேரம் இருக்கிறது.

4. உட்காரும் இடம்

முன் பெஞ்சு என்றாலே சரி என்று எண்ண வேண்டாம். வாசலோர முன் பெஞ்சில் வராந்தாவில் போகிற எல்லாரும் தெரிவார்கள். இரண்டாவது வரிசை, நடு, உங்கள் கை மேசைக்கு எட்டும் தூரம். பக்கத்தில் நிதானமான ஒரு பிள்ளை. வகுப்புத் தலைவனை அருகில் உட்கார வைக்காதீர்கள், அவன் அதிகாரம் செய்வான். துணைப் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: "நீ எழுதிக் கொடுக்கக் கூடாது. பக்கத்தை மட்டும் விரலால காட்டு." இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துணையை மாற்றுங்கள். ஒரே பிள்ளைக்கு அது பாரமாகிவிடும்.

5. பொருள்கள் மேலே வரும்வரை வேலையைச் சொல்லாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள முடியுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் பேசிக்கொண்டே பொருளை எடுக்கச் சொல்வார்கள். "நோட்டை எடுங்க, பக்கம் 34, அதுல மூணாவது கணக்குல இருந்து, இன்னிக்கு என்ன தேதி..." அந்த நேரத்தில் கவனம் சிதறும் பிள்ளையின் தலை பைக்குள் இருக்கும். அது நிமிரும்போது எல்லாம் சொல்லி முடித்தாகிவிடும். பொருள் எடுப்பது ஒரு வேலை, சொல்வதைக் கேட்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால் அந்தப் பிள்ளையிடம் இரண்டுமே நடக்காது.

ஆகவே முதல் கட்டளை பொருளுக்கு மட்டும். மேசையின் மூலையில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை ஒட்டிவையுங்கள். நான்கு வரி:

பை கீழே.
நோட்டும் புத்தகமும் மேலே.
பேனா கையில்.
கண் போர்டில்.

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நான்கு படமாக வரைந்து ஒட்டுங்கள். வகுப்புக்கே இதைக் கேள்வி பதிலாகச் சொல்லவைப்பேன். நான் "பை?" என்றதும் எல்லாரும் "கீழே!" "பேனா?" "கையில!" ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்திச் சொல்லும்போது வரும் கூச்சம் இதில் இல்லை. மொத்த வகுப்புமே வேகமாகிறது.

பிறகு பேசாமல் நில்லுங்கள். முதல் வாரம் மூன்று நான்கு நிமிடம் ஆகும், கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் வருவதற்குள் அது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

அட்டை மட்டும் போதாத பிள்ளையோடு தனியே ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். "மணி அடிச்சதும் நான் சிவப்பு டேப் நோட்டை எடுப்பேன்" என்று அந்தப் பிள்ளையே தன் வாயால் சொல்ல வேண்டும். 'கவனமா இருப்பேன்' என்பது போன்ற பொது வாக்குறுதி வேண்டாம். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று நேரத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டு வைக்கும் திட்டங்கள் வெறும் எண்ணத்தைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் விரிவாக எழுதியிருக்கிறார். மணியோசை நினைவூட்டும் வேலையை எடுத்துக்கொள்கிறது. பிள்ளை தானாக நினைவு வைத்திருக்க வேண்டிய ஒன்று குறைகிறது.

6. கண்ணை வாங்குங்கள்

பொருள்கள் வந்துவிட்டன. இப்போது ஒரே இடத்தில் நின்று பேசுங்கள். நடந்துகொண்டே சொல்லும் கட்டளை பாதி வகுப்புக்குத்தான் போய்ச் சேரும். எனக்குப் போர்டின் இடது ஓரம். நான் அங்கே போய் நின்றாலே ஏதோ சொல்லப்போகிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெயரை உரக்கக் கூப்பிடாதீர்கள். நாளைக்கு இருபது முறை வகுப்பு நடுவே கூப்பிடப்படும் பிள்ளைக்குத் தன் பெயரே திட்டு ஆகிவிடும். பிறகு பெயர் சொன்னால் தலை குனியும், நிமிராது. மேசை ஓரத்தை இரண்டு விரலால் மெல்லத் தட்டுங்கள். 'நான் தட்டினால் போர்டைப் பார்' என்று தனியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிள்ளையும் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது கடினம். போர்டைப் பார்த்தால் போதும்.

7. குறைத்துச் சொல்லுங்கள், எழுதிப் போடுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு வேலை. வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். போர்டில் இருப்பது பிள்ளை எப்போது நிமிர்ந்தாலும் அங்கே இருக்கும். வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, அதை 'இப்போ' கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று வரிக்கு மேல் எழுதக்கூடாது:

ப. 34
கணக்கு 1, 2
முடிந்ததும் கை தூக்கு

ஐந்து கணக்கு கொடுக்க நினைத்தால் முதலில் இரண்டு. ஐந்தையும் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு மலை தெரியும், படி தெரியாது. இரண்டு முடிந்து கை தூக்கியதும் அடுத்த இரண்டு. பயிற்சித்தாள் என்றால் மடித்துக் கொடுங்கள், மேல் பாதி மட்டும் தெரியட்டும்.

போர்டில் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்கை அழிக்கவே அழிக்காதீர்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் சுத்தமாக இருக்கட்டும் என்று டஸ்டரை எடுத்துவிடுவார்கள். தொடங்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த மாதிரிதான் பிடிமானம்.

இன்னும் மூன்று தவறுகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒன்று, பிள்ளைகள் எழுதத் தொடங்கிய பிறகு, "ஆங், இன்னொண்ணு, விடைக்குக் கட்டம் கட்டுங்க" என்று இடையில் சேர்ப்பது. தொடங்கிய கை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மறந்துபோனதை அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்த நாள் சொல்லலாம். இரண்டு, புரியாத பிள்ளைக்கு அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வது. அவனுக்கு அது புது வேலையாகக் கேட்கும். திரும்பச் சொன்னால் அதே சொற்களில் சொல்லுங்கள். மூன்று, கட்டளையைக் கேள்வியாக்குவது. "எழுதலாமா?" என்றால் சிலருக்கு அது விருப்பம் கேட்பதாகவே படும். "முதல் கணக்கை எழுது" என்பது கண்டிப்பு ஆகாது. அது தெளிவு, அன்பான குரலிலேயே சொல்லலாம்.

8. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது டீச்சர்" வரும். அதில் எந்தத் தகவலும் இல்லை. அதற்குப் பதில் திருப்பிச் சொல்ல வையுங்கள். முதலில் நன்றாகச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை, அடுத்து இன்னொரு பிள்ளை, மூன்றாவதாக நம் பிள்ளை.

"தம்பி, இப்ப என்ன செய்யப் போற?"
"கணக்கு போடணும் டீச்சர்."
"எந்தப் பக்கம்?"
"...முப்பத்தி நாலு."
"எத்தனை?"
"ரெண்டு."

மூன்றாவதாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குள் பதில் இரண்டு முறை காதில் விழுந்திருக்கும். அந்தப் பிள்ளை வகுப்பு முன்னால் சரியாகச் சொல்லும். தவறாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அன்றைக்குத் தொடங்காது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மேலே உள்ள உரையாடலில் 'முப்பத்தி நாலு' வந்தது அந்த மூன்று வினாடிக்குப் பிறகுதான்.

9. முதல் எழுத்தை விழ வையுங்கள்

வெள்ளைத் தாள் சில பிள்ளைகளைக் கட்டிப்போட்டுவிடும். எங்கே தொடங்குவது என்பதே அங்கே கேள்வி. எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். "இங்கேருந்து" என்று சொன்னால் போதும். புள்ளி போதாத பிள்ளைக்கு வரிசை எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதுவும் நகரவில்லையா, கணக்கின் முதல் வரியை நீங்களே எழுதி, இரண்டாவது வரியைக் கேளுங்கள்.

முதல் கணக்கு கட்டாயம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நேற்றைய கணக்கையே எண்ணை மாற்றிக் கொடுப்பேன். தெரிந்ததைப் போட்ட கை தெரியாததற்குத் தயங்காமல் போகும். தெரியாததில் முட்டி நின்ற கை பேனாவைக் கீழே வைத்துவிடும்.

சத்தமில்லாத கடிகாரம் ஒன்றைச் சுவரில் பார்க்கும்படி வையுங்கள். "பெரிய முள் நாலுக்கு வர்றதுக்குள்ள முதல் வரி" என்றால் காலம் கண்ணுக்குத் தெரிகிறது. பலருக்கும் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்ற உணர்வே இருக்காது. ஆனால் போட்டி வைக்காதீர்கள். யார் முதலில் என்று கேட்ட அன்றைக்கு எப்போதும் கடைசியாக வருகிற பிள்ளை ஓட்டத்தையே விட்டுவிடும்.

10. விலகிப் போய், திரும்பி வாருங்கள்

முதல் எழுத்து விழுந்ததும் மூன்று வினாடி நின்று, நகர்ந்துவிடுங்கள். தலைமேல் நின்றால் பிள்ளை உங்களைத்தான் கவனிக்கும், கணக்கை விட்டுவிடும். போகும்போது, "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். வராமல் போனால் அடுத்த நாள் அந்த வாக்குக்கு மதிப்பில்லை.

திரும்பி வரும்போது விடை சரியா என்று பார்க்காதீர்கள், முதலில் தொடங்கியதைச் சொல்லுங்கள். "சொன்ன உடனே பேனாவை எடுத்துட்ட, பார்த்தேன்." அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும் குரலில். 'வெரி குட்' என்று மட்டும் சொன்னால் எதற்கென்று தெரியாது. எதைச் செய்ததால் பாராட்டு வந்தது என்று தெரிந்தால்தான் அதை நாளைக்கும் செய்யும்.

தொடங்காத நாளும் வரும். பெஞ்சு மேல் நிறுத்துவது, வெளியே அனுப்புவது, மற்றவர்கள் முன் நோட்டைத் தூக்கிக் காட்டுவது எதுவும் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அவமானப்பட்ட பிள்ளையின் மனதில் அடுத்த அரை மணி நேரம் அந்த அவமானம்தான் ஓடும், கணக்குக்கு அங்கே இடமிருக்காது. 5ஆம் படிக்குத் திரும்பிப் போய் எது விடுபட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் பொருள் எடுக்கும் முன்பே நாம் பேசியிருப்போம்.

11. சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை

சத்துணவு முடிந்து, வெயிலில் விளையாடி, வேர்த்து வரும் பிள்ளைகளிடம் நேரடியாக நோட்டைக் கேட்க முடியாது. மதுரை வெயிலில் பங்குனி, சித்திரை மாதங்களில் இன்னும் சிரமம். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, நின்றபடியே இரண்டு நிமிடம் வாய்க்கணக்கு. பிறகு உட்கார்ந்ததும் போர்டில் உள்ள ஒரே ஒரு வரியைப் பார்த்து எழுதுவது, யோசிக்கவே தேவையில்லாத வரி. கை நகரத் தொடங்கியதும் 5ஆம் படியிலிருந்து வாருங்கள். இதற்காகப் போகும் ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேறு வழியில் பதினைந்து போகும்.

12. உதவியைக் கழற்றுவது

பலன் தெரிந்த மறுநாளே அட்டையைப் பிய்த்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு வாரம் நிலையாக நின்ற பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள், கடைசியாகச் சேர்த்ததை முதலில். முதல் வரி எழுதிக் கொடுப்பது போகட்டும், பிறகு பென்சில் புள்ளி, பிறகு தனியாகத் திருப்பிச் சொல்வது. அட்டையும் போர்டின் 'இப்போ' கட்டமும் ஆண்டு முழுக்க இருக்கலாம். யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை.

விடுமுறைக்குப் பிறகு பழைய நிலை திரும்பும். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று ஊர் ஜல்லிக்கட்டும் பார்த்துவிட்டு வரும் பையன்கள் ஒரு வாரத்துக்கு மாட்டைத் தவிர வேறு பேச மாட்டார்கள். கோபம் வேண்டாம். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, 5ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை நாலைந்து நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

13. வீட்டாரிடம் பேசுவது, மருத்துவரிடம் அனுப்புவது

"உங்க பையன் எதையும் கவனிக்கிறதே இல்ல" என்று தொடங்கினால் அன்றிரவு பிள்ளைக்கு அடி விழும், அவ்வளவுதான் நடக்கும். உங்கள் சின்ன நோட்டை எடுத்துக் காட்டுங்கள். "அக்கா, முன்னெல்லாம் தொடங்க பன்னெண்டு நிமிஷம் ஆச்சு, இப்ப நாலு நிமிஷத்துல தொடங்குறான். நான் இப்படி இப்படிச் செஞ்சேன். வீட்டுல எப்படி இருக்கான்?" இப்படிக் கேட்டால் அவர்களும் மனம் திறப்பார்கள். குளிக்கச் சொன்னால் வாளியை வைத்துக்கொண்டு நிற்பது, கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் மறந்து திரும்புவது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வீட்டுக்கு ஒரே ஒரு வேலை கேளுங்கள்: தூங்குவதற்கு முன் பை அடுக்கி வாசற்படி பக்கம் வைப்பது.

கவனக்குறைவு வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதத்துக்கு மேல், சின்ன வயதிலிருந்தே இருந்து படிப்பைப் பாதிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயின் பெயரை நாம் சொல்லக் கூடாது. அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழலில் தெரிய வேண்டும் என்றெல்லாம் அவர்களுக்கு வரையறை உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் முதலில் பேசுங்கள். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. பெற்றோர் போகும்போது உங்கள் நோட்டில் உள்ள நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். 'கவனம் இல்லை' என்பதைவிட அந்த எண்கள் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

14. ஜூனில் கைமாற்றிக் கொடுப்பது

வகுப்பு மாறும்போது இத்தனை உழைப்பும் ஒரே நாளில் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். புது ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை மறுபடி ஜிப்பை இழுத்துக்கொண்டு உட்காரும். முதல் வாரத்திலேயே அடுத்த வகுப்பாசிரியரிடம் அரைத்தாள் கொடுங்கள். குறைகளை அதில் எழுதாதீர்கள், எது வேலை செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள். சென்ற ஆண்டு நான் கொடுத்த தாள் இப்படி இருந்தது:

"இரண்டாவது வரிசை, நடு. கணக்கு நோட்டுக்குச் சிவப்பு டேப். பேனா டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்வான், கேட்க வேண்டாம். பொருளெல்லாம் மேலே வந்த பிறகு வேலையைச் சொல்லுங்கள். கூப்பிட வேண்டாம், மேசையைத் தட்டினால் நிமிர்வான். முதல் இரண்டு கணக்கு மட்டும் கொடுங்கள், அடுத்ததை அவனே கேட்பான்."